ஊஞ்சப்பாளையத்துத் தாங்கிகள்

போன வருஷம் சித்திரை மாதத்தில், ஊஞ்சப்பாளையம் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் சின்னராசு தம்முடைய பணி ஓய்வு விழாவுக்குப் புதுத் தோல் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு, மாலையும் சால்வையுமாக ஊரைச் சுற்றி ஊர்வலம் வந்து, பஸ் ஸ்டாண்டில் பழனாத்தாளின் பஜ்ஜிக் கடை முன்னால் நின்று கூட வந்தவர்களுக்கெல்லாம் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியபோது, அவருடைய குதிகால் இரண்டும் காலையில் கிளம்பினபடியே பளிச்சென்று இருக்க, வாசலைத் தாண்டாமல் முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி லோகாம்பாளின் குதிகால் இரண்டிலும் நாவற்பழம் அளவுக்குக் கொப்புளம் எழும்பியிருந்தது. அந்தக் கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்திச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. "உங்க செருப்பு என்னையக் கடிச்சிருக்குது, பாருங்க" என்று லோகாம்பாள் சொன்னதுதான் அந்த இடைவெளிக்குப் பிறகு அந்த வீட்டில் எழுந்த முதல் பேச்சு. வாத்தியார் குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். அன்றைக்கு அவர்தான் சமைத்தார்.

வெயில் ஏற ஏற ஊர் முழுக்க இதே கதையானது. மொட்டை மாடியில் சட்டையில்லாமல் படுத்துறங்கிய புருஷன்மாரைக் கொசு கடிக்க, தடிப்பு கீழே கதவைச் சாத்திப் படுத்திருந்த பெண்டாட்டிமாருக்கு வந்தது. அவர்கள் கொசுவலை வாங்கி, புருஷனை உள்ளே தள்ளி, நான்கு முனையையும் பாய்க்கடியில் செருகிவிட்டுப் போனார்கள். கவரிங் சங்கிலி போட்ட மருமகளுக்குக் கழுத்து சுத்தமாக இருந்தது, அவளைக் கல்யாணம் கட்டின பையனுக்குக் கழுத்தைச் சுற்றி அரிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஷயத்தைப் புரிந்துகொண்டு முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சியைப் பயமில்லாமல் கையில் எடுத்து விளையாடினார்கள். தாய்மார்கள் வீட்டிலிருந்தபடியே முழங்கை வரை தடித்துப்போய், விளக்குமாறோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பால்காரர் நாச்சிமுத்துவின் வேர்க்குரு மட்டும் யார் மேலும் காணோமே என்று ஊர் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய எருமை சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துச் சுவரையே சாய்த்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர் ஜெசிந்தா நாகர்கோவில் பக்கத்துக்காரர், எதற்கும் பதறாதவர். வந்தவர்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: "காரணமெல்லாம் புத்தகத்துல இருக்கறபடிதான் இருக்கு. வெயிலுக்கு வேர்க்குரு, உரசினா கொப்புளம், பூச்சி கடிச்சா தடிப்பு, ஒத்துக்காததைப் போட்டா அரிப்பு, சுட்டா நீர் கோத்துக்கும். அதுல ஒண்ணும் மாறலை. விலாசம்தான் மாறியிருக்கு." அதற்குப் பிறகு அங்கே இரண்டு பேருக்கு ஒரு டோக்கன் என்று ஆயிற்று. ஒருவர் என்ன நடந்தது என்று சொல்வார், மற்றவர் எங்கே வந்தது என்று காட்டுவார், களிம்பை இருவரும் பேசிவைத்து வாங்கிப் போவார்கள்.

அடுத்தவர் கொப்புளத்தைச் சுமப்பவருக்கு ஊர் 'தாங்கி' என்று பெயர் வைத்தது. யாருக்கு யார் தாங்கி என்பதே அந்தக் கோடை முழுக்கப் பேச்சு. பெண் பார்க்கப் போகும் இடங்களில் ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு மாப்பிள்ளையின் முழங்கையில் ஒரு கட்டெறும்பை விட்டுக் காத்திருந்தார்கள், பெரும்பாலும் அது மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் வந்தது, ஓரிடத்தில் பக்கத்து வீட்டிலிருந்து "ஆரு எறும்பு விட்டது?" என்று ஒரு பெண் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வர, வந்த மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டை அப்படியே அந்த வீட்டுக்கு மாற்றினார்கள். இதெல்லாம் பாசத்தைப் பொறுத்து வருவது என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. வார்டு கவுன்சிலரின் அக்குள் கட்டி, தேர்தலில் அவரிடம் தோற்றவருக்கு வந்தது மட்டும் அந்த முடிவோடு ஒட்டவில்லை. அதை விதிவிலக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள்.

பழனாத்தாளுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை இருந்தது. பஸ் ஸ்டாண்டின் கிழக்கு ஓரத்தில் பொழுதோடு, வெயில் சாயும் நேரத்தில், அடுப்பு மூட்டி வாழைக்காய் பஜ்ஜியும் மிளகாய் பஜ்ஜியும் போடுகிறவள் அவள். ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் போய்ச் சேர்ந்து நெடுநாள் ஆயிற்று. எண்ணெய் தெறித்துத் தெறித்து மிளகு தூவினது போலிருந்த அவளுடைய வலது கை இப்போது தெளிந்துவிட்டது. அதற்குப் பதிலாக இடது மணிக்கட்டிலும் இடது விரல்களிலும் அவ்வப்போது கொப்புளம் எழும்பியது. அதைப் பஜ்ஜி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் நீட்டிக் காட்டுவாள்.

"என்ற மவ வளர்மதிதுங்க. திருப்பூர்ல கட்டிக் கொடுத்திருக்குதுல்ல. கேஸ் அடுப்புல சுட்டுக்குவா, எனக்கு இங்க வந்துரும். பெத்த வயிறில்லீங்களா."

"உங்களோடது ஆருக்குங்க வருது?"

"அவளுக்குத்தான். அவளுக்கு நான், எனக்கு அவ."

இதைச் சொல்லும்போது எதிர்க்கடைக்குக் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள். எதிர்க்கடை மேற்கு ஓரத்தில், நடுவில் பஸ் திரும்பும் இடத்தை விட்டு, நேருக்கு நேராக இருந்தது. அதில் போண்டாவும் கச்சாயமும் போடுகிறவள் மயிலாத்தாள். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே கடை. மயிலாத்தாளுக்கு இடது கைப் பழக்கம். இடது கையால் எடுத்துக் கொடுத்தால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அவள் எண்ணெய்ச்சட்டியோடு நின்றுகொள்ள, மாவில் முக்குவதும் எடுத்துக் கொடுப்பதும் வாயடிப்பதும் பழனாத்தாள் என்று ஏற்பாடு. இரண்டு பேரும் ஒட்டுக்காகத்தான் வருஷா வருஷம் பங்குனியில் ஊஞ்சக்காட்டு மாரியம்மன் கோயில் குண்டத்தில் இறங்குவார்கள், நெருப்பில் நடந்துவிட்டு ஒட்டுக்காகவே வந்து கடை போடுவார்கள். அப்படி ஒரு பங்குனியில் மயிலாத்தாளின் பாதம் கொப்புளித்துவிட்டது. நொண்டிக்கொண்டே அவள் கடைக்கு வர, டீக்கடைக்காரர் என்னவென்று கேட்க, பழனாத்தாள் மாவில் ஒரு மிளகாயை முக்கிக்கொண்டே, "மனசு சுத்தமா இருந்தா கொப்புளிக்குமா?" என்று சொல்லிவிட்டாள். ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சுதான் அது. குண்டத்தில் கொப்புளித்தவர்களைப் பற்றி ஊஞ்சப்பாளையத்தில் வேறு எதுவும் சொல்லத் தெரியாது. மறுநாள் மயிலாத்தாள் ஓர் அடுப்பையும் ஒரு சட்டியையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனாள். அதிலிருந்து அவள் குண்டம் இறங்கவில்லை. இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை. ஆனால் ஒருத்தி அடுப்பு மூட்டாமல் இன்னொருத்தி மூட்டினதில்லை, ஒருத்தி கடை எடுக்காமல் இன்னொருத்தி எடுத்ததில்லை. எதிராளிக்கு எத்தனை ஈடு வெந்தது, எத்தனை பேர் நின்றார்கள், இன்றைக்கு என்ன சேலை என்பதெல்லாம் இருவருக்கும் அத்துப்படி.

போன ஆடியில் மயிலாத்தாள் கைப்பிடி நீளமான ஒரு ஜல்லிக்கரண்டி வாங்கினாள். அதைப் பிடித்துக்கொண்டு அவள் சட்டிக்கு எட்ட நின்று போண்டாவைத் திருப்புவதைப் பார்த்து, "கல்யாண ஊட்டுச் சமையக்காரியாட்ட நிக்கறதைப் பாரு" என்று பழனாத்தாள் நான்கு பேரிடம் சொல்லிச் சிரித்தாள். அதே சமயத்தில் அவளுடைய இடது கையில் கொப்புளம் எழும்புவதும் குறைந்தது. மகளுக்கு நிதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

தைப்பூசத்தில்தான் சிக்கல் வந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போன ஊஞ்சப்பாளையத்துக்காரர்கள் அந்த வருஷம் பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் இருந்தவர்கள் நிற்க முடியாமல் தவழ்ந்தார்கள். அஞ்சரை மணி டவுன் பஸ்ஸின் டிரைவர் முத்துரத்தினம், மச்சான் வீம்புக்கு வெறுங்காலோடு நடக்கப் போனதால், பிரேக்கில் காலை வைக்க முடியாமல் வாழைத்தோட்டத்துக்குள் பஸ்ஸை மெதுவாக இறக்கி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயணிகள் ஆளுக்கொரு வாழைப்பழத்தோடு இறங்கி நடந்தார்கள். ஆனால் கோயில் கமிட்டித் தலைவர் அர்த்தனாரி பங்குனிக் குண்டத்தை நினைத்துப் பார்த்து வெலவெலத்துப்போனார். திருவிழா தொடங்கும் பூச்சாட்டு அன்றைக்கே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்: குண்டம் இறங்குகிறவர்கள் தங்கள் தாங்கியைக் கையோடு கூட்டி வர வேண்டும், தாங்கி குண்டத்துக்கு எதிரே போட்டிருக்கும் பெஞ்சில் மஞ்சள் தண்ணீரில் காலை வைத்து உட்கார வேண்டும், முந்தின நாள் ஊதுபத்தியால் முழங்கையில் தொட்டுச் சோதிக்கப்படும், தாங்கி யாரென்று தெரியாதவர்களுக்கு இறங்க அனுமதி இல்லை, ஏனென்றால் எவனோ ஒருவன் எங்கேயோ தென்னைமரத்தில் ஏறிக்கொண்டிருப்பான்.

சட்டம் நியாயமானது என்று எல்லோருக்கும் பட்டது. பழனாத்தாளுக்கும் பட்டது. அவள் இந்த வருஷம் இறங்கியே ஆக வேண்டியவள். வளர்மதிக்குக் கல்யாணமாகி ரொம்ப நாளாகப் பிள்ளை இல்லாமல் இருந்து, ஒருவழியாகத் தங்கி, நடுவில் டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கிய ஒரு நாளில், "குழந்தை நல்லபடியா கைக்கு வந்துட்டா வர்ற பங்குனிக்கே உன்ற குண்டத்துல இறங்கறேன் ஆத்தா" என்று பழனாத்தாள் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். மார்கழியில் பேரன் பிறந்துவிட்டான். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டது. இனி இவள் தன் பங்கைச் செய்யாவிட்டால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற சாமி அது என்று அந்தப் பக்கத்தில் பெயர் உண்டு.

அன்று மத்தியானமே திருப்பூருக்குப் போன் போட்டாள்.

"அம்மிணி, குண்டத்துக்கு முந்தின நாளே வந்துரு. நீதான் பெஞ்சுல உக்காரோணும்."

"நானா? எதுக்குங்மா?"

"எனக்குத் தாங்கி நீதான? எண்ணெய் தெறிச்சா உனக்கு வலது கையில வருதுல்ல?"

"எனக்கு ஒடம்பு பூராம் வேர்க்குருங்மா. உங்க பேரனோடது. அவன் வழுவழுன்னு கெடக்கறான், நான் சொறிஞ்சிட்டு உக்காந்திருக்கறேன். எண்ணெய்க் கொப்புளமெல்லாம் ஒண்ணும் வந்ததில்லீங்."

பழனாத்தாள் தன் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். நேற்று எழும்பியது இன்னும் வற்றாமல் மின்னியது.

"செரி, அது கெடக்கட்டும். நீ சுட்டுக்கறது எனக்குத்தான வருது?"

 அந்தப் பக்கம் வளர்மதி போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

"ஐயோ, அது எங்கத்தைக்குங்மா. போன வாரம் குக்கர் மூடி பட்டுச்சு, அத்தைக்கு இங்கிருந்து இங்க வரைக்கும் போச்சு. விடிஞ்சு எந்திரிச்சதுல இருந்து நான் என்ன பண்றேன், எப்படிப் பண்றேன்னு என்னையவே பாத்துட்டு இருக்கறாங்கல்ல. அத்தைக்கு வராம வேற ஆருக்கு வரும்?"

பழனாத்தாள் போனை வைத்தாள். பெற்ற வயிற்றுக்கு வராதது மாமியாருக்கு வந்திருக்கிறது. அப்படியானால் இது பாசத்தைப் பொறுத்தது இல்லை. பார்த்துக்கொண்டே இருப்பதைப் பொறுத்தது, ஓயாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்பதைப் பொறுத்தது. தோற்ற வேட்பாளருக்கு ஏன் கட்டி வந்தது, நாச்சிமுத்துவின் எருமைக்கு ஏன் அரித்தது என்பதெல்லாம் வரிசையாகக் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தன. கடைசியாக வந்தது தன் இடது மணிக்கட்டு. இடது கையால் எண்ணெய்ச்சட்டியில் கரண்டி பிடிக்கிறவள் ஊஞ்சப்பாளையத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

அன்று பொழுதோடு எண்ணெய் காய்ந்ததும் பழனாத்தாள் எதிரே பார்த்தாள். மயிலாத்தாள் குனிந்து மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கையில், கரண்டியே பிடிக்காத அந்தக் கையில், மணிக்கட்டு முதல் முழங்கை வரை மிளகு தூவினது போல வடு. இத்தனை நாள் அவளுடைய சேலையையும் ஈட்டையும் கணக்கெடுத்தவளுக்கு இது கண்ணில் படவே இல்லை. பழனாத்தாள் சட்டியிலிருந்து கரண்டியை எடுத்து, அதன் முதுகைத் தன் வலது மணிக்கட்டில் மெல்ல வைத்து எடுத்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டது போலிருந்தது, அவ்வளவுதான். எதிரே மயிலாத்தாள் துள்ளவில்லை, கத்தவில்லை. உருட்டின மாவைத் தட்டில் வைத்தாள். வலது மணிக்கட்டைத் தூக்கி இரண்டு தரம் ஊதினாள். அதன்மேல் கொஞ்சம் மாவை அப்பினாள். பிறகு நிமிர்ந்து, பஸ் திரும்பும் இடத்தைத் தாண்டி, நேராகப் பழனாத்தாளைப் பார்த்தாள். அந்தப் பார்வை, பாடம் ஏறாத பிள்ளைக்கு ஒருவழியாக ஏறிவிட்டதா என்று பார்க்கும் வாத்தியாரின் பார்வை.

மறுநாள் கூட்டம் கூடுவதற்கு முன்பே பழனாத்தாள் ரோட்டைக் கடந்தாள். எட்டொன்பது வருஷத்தில் முதல் தடவை.

"வாங்க" என்றாள் மயிலாத்தாள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல். அந்தப் பக்கத்தில் எதிரி வந்தாலும் வாங்க என்றுதான் சொல்ல வேண்டும்.

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"போன ஆடியில இருந்து."

"ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீங்க கேக்கலியே. உங்க மவளோடதுன்னு ஊருக்கெல்லாம் கையை நீட்டிட்டு இருந்தீங்க. பொழச்சுப் போவட்டும்னு உட்டுட்டேன்."

 சட்டியின் மேல் குறுக்காகக் கிடந்த நீளக் கரண்டியின் மேல் பழனாத்தாளின் கண் போயிற்று.

"இந்தக் கரண்டி..."

"பின்ன, கல்யாண ஆர்டருக்கா வாங்குனேன்? உங்க கை புண்ணாகி, கடை போடாம ஊட்டுல படுத்துக்கிட்டீங்கன்னா, பொழுதோட நான் ஆரைப் பாத்துட்டு உக்காந்திருக்கறது?"

வெங்காயத்தினால் இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"மயிலா, குண்டத்துக்கு வந்து உக்காரோணும். பேரனுக்காக வேண்டிக்கிட்டது. நீ இல்லீன்னா அர்த்தனாரி இறங்க உடமாட்டாரு."

மயிலாத்தாள் கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு என்னையச் சொன்னது எங்க வெச்சுங்க?"

பழனாத்தாள் தரையைப் பார்த்தாள். "பஸ் ஸ்டாண்டுல வெச்சு."

"அப்பக் கேக்கறதையும் அங்கயே நடுவுல நின்னு கேளுங்க. அஞ்சரை பஸ் நிக்கற நேரத்துல. இங்க வந்து வெங்காயத்துக்கிட்டக் கேட்டா ஆச்சா?"

அஞ்சரை பஸ் என்பது ஊஞ்சப்பாளையத்தில் ஊர்க்கூட்டத்துக்குச் சமம். நூற்பாலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், டியூஷன் பிள்ளைகள், சந்தைப் பைகள், பஜ்ஜிக்காகவே இறங்கி மறுபடி ஏறுகிறவர்கள் என்று அந்தக் கொஞ்ச நேரம் பஸ் ஸ்டாண்டு நிரம்பிவிடும். அன்றைக்குப் பஸ் வந்து நின்றதும் பழனாத்தாள் அடுப்பைத் தணித்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பஸ் திரும்பும் இடத்தின் நட்ட நடுவில் போய் நின்றாள். பஸ்ஸைத் திருப்ப வழியில்லாமல் முத்துரத்தினம் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. ஹாரன் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது அவளுக்கு ஒரு வகையில் உதவியாக இருந்தது, இனி பின்வாங்க முடியாது.

"மயிலா" என்று கூப்பிட்டாள். "என்ற கொப்புளம் உனக்குத்தான் வருது. உன்றது எனக்கு வருது. குண்டத்துக்கு வந்து எனக்குத் தாங்கியா உக்காரு."

கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. டீக்கடைக்காரர் டம்ளரோடு வெளியே வந்தார்.

"ரெண்டு பேருக்கும் சண்டைன்னில்ல இத்தனை நாளாச் சொன்னாங்க?"

"சண்டைதானுங்க" என்றாள் மயிலாத்தாள், தன் கடையிலிருந்தே. "அதை ஆரும் இல்லீங்கலை. அக்கா, டீக்கடைக்குக் கேட்டுதான்னு கேளுங்க. அன்னைக்குச் சொன்னது அங்க நல்லாக் கேட்டுது."

"கேட்டுச்சுங்க" என்றார் டீக்கடைக்காரர் அவசரமாக.

"அன்னைக்குச் சொன்னது வாய்தான் மயிலா. மனசு இல்லை."

"எனக்கு வாய்தானுங்க கேட்டுது."

முத்துரத்தினம் எஞ்சினை நிறுத்திவிட்டார். கண்டக்டர் பஸ்ஸின் படியில் உட்கார்ந்துகொண்டார். பழனாத்தாள் இரண்டு கையையும் சேர்க்கவும் முடியாமல் பிரிக்கவும் முடியாமல் நடுவில் வைத்துக்கொண்டு, "அது பொல்லாத வார்த்தை. வந்து உக்காரு, அம்மிணி" என்றாள்.

அம்மிணி என்ற சொல் ரோட்டைக் கடந்துபோய்ச் சேரும்வரை மயிலாத்தாள் காத்திருந்தது போலிருந்தது. பிறகு நீளக் கரண்டியால் ஓர் ஈடு போண்டாவை அரித்து எடுத்துத் தட்டில் கொட்டினாள்.

"வர்றேன். ஆனா உக்கார மாட்டேன். நானும் இறங்கறேன்."

இது அர்த்தனாரிக்குத் தலைவலியாயிற்று. சோதனை நாளன்று பழனாத்தாளின் முழங்கையில் ஊதுபத்தி வைத்தால் மயிலாத்தாளுக்கு எழும்பியது, மயிலாத்தாளுக்கு வைத்தால் பழனாத்தாளுக்கு எழும்பியது, அதில் குறையில்லை. எதிரும் புதிருமாக இப்படி ஒரு ஜோடி அதுவரை அந்த ஊரில் அகப்பட்டதில்லை என்று பார்க்க வந்தவர்கள் வியந்தார்கள். தாங்கி பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதுதான் சட்டம் என்றார் அர்த்தனாரி.

"எறங்கி ஏறிட்டு உக்காந்துக்கறோமுங்க" என்றாள் மயிலாத்தாள்.

"நடுவுல கொப்புளிச்சா?"

"ஆளுக்கு ரெண்டு காலு இருக்குதுல்லீங்க. எப்படியும் ஏறிருவோம்."

அர்த்தனாரி கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி ஆகாயத்தைப் பார்த்தது. சரி என்று ஆயிற்று.

குண்டத்தன்று பொழுது விடிந்து வெளிச்சம் பரவியதும், ஊஞ்சமரக் கட்டைகள் எரிந்து அடங்கிச் செக்கச் செவேலென்று தட்டிச் சமப்படுத்தின நெருப்பின் முன்னால் மஞ்சள் சேலைகளும் வேப்பிலையுமாக வரிசை நின்றது. எதிரே பெஞ்சுகளில் வாத்தியார் பெண்டாட்டி லோகாம்பாளிலிருந்து தோற்ற வேட்பாளர் வரைக்கும் தாங்கிகள் மஞ்சள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, அடுத்தவர் நெருப்புக்காகப் பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஜெசிந்தா களிம்பு டப்பாக்களோடு வேப்பமரத்தடியில் நின்றார். நாச்சிமுத்து இறங்குவதற்காக எருமையும் ஓரமாகக் கட்டப்பட்டிருந்தது. வளர்மதி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் தன் முதுகைச் சொறிந்தபடி முன்வரிசையில் நின்றாள். பழனாத்தாள் அந்தப் பிள்ளையின் வழுவழுப்பான உள்ளங்காலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மயிலாத்தாளின் கையைப் பிடித்தாள். பிடித்தது வலது கை, பழனாத்தாள் தன் கொப்புளத்தாலேயே புள்ளி வைத்த கை. இருவரும் இறங்கினார்கள். பழனாத்தாளுக்குப் பேரன் நினைவு, கமிட்டியின் நினைவு, அடுப்பு மூட்டாமல் வந்த கடையின் நினைவு, பக்கத்தில் நடப்பவளுக்கு எப்படி இருக்கிறதோ என்ற நினைவு எல்லாம் சேர்ந்து நடை கொஞ்சம் தடுமாறியது. மயிலாத்தாள் கோலத்தின் மேல் நடப்பவள் போல நேராக நடந்தாள். ஏறினார்கள். பெஞ்சில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மஞ்சள் தண்ணீர்ச் சருவம்தான் மிச்சம் இருந்தது. நான்கு காலையும் அதில் வைத்தார்கள்.

வளர்மதி பிள்ளையைக் கொண்டுவந்து பழனாத்தாளின் மடியில் கிடத்தினாள். பழனாத்தாள் அவன் நெற்றியில் குண்டத்துச் சாம்பலை இட்டாள். வேண்டுதல் தீர்ந்தது. அப்போதுதான் மயிலாத்தாள் தன் வலது காலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து எல்லோரும் பார்க்கும்படி பெஞ்சின் மேல் நீட்டினாள். பாதத்தின் நடுவில், எண்ணெயில் போட்ட அப்பளம் போல, பெரிதாக ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. பழனாத்தாள் தன் இரண்டு காலையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

மயிலாத்தாள் கொப்புளத்தைப் பார்த்தாள், பழனாத்தாளைப் பார்த்தாள்.

"மனசு சுத்தமா இருந்தா கொப்புளிக்குமாக்கா?"

"உனக்குத்தான கொப்புளிச்சிருக்குது" என்றாள் பழனாத்தாள்.

"காலு என்றதுங்க. நடை உங்களுது."

பக்கத்துச் சருவங்களில் தண்ணீர் தளும்புகிற அளவுக்குத் தாங்கிகள் சிரித்தார்கள். பழனாத்தாள் மஞ்சளைக் குழைத்து அந்தப் பாதத்தில் பூசினாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

அன்று பொழுதோடு மயிலாத்தாளால் காலை ஊன்ற முடியவில்லை, கடை போடவில்லை. திருவிழா நாள் என்பதால் பழனாத்தாள் கடையில் கூட்டம் மொய்த்தது. எதிர்க்கடைக் கூட்டமும் இங்கேதான் வந்தது. பழனாத்தாள் மாவில் முக்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். எதிரே மடக்கி வைத்த தார்ப்பாய் தெரிந்தது. இன்னொரு தரம் நிமிர்ந்தாள்; அதேதான் தெரிந்தது. அதற்குள் சட்டியில் இருந்த ஈடு கருகிவிட்டது. அடுத்த ஈடும் கருகியது. அவள் அடுப்பைத் தணித்தாள், நின்றவர்களை நிற்கச் சொன்னாள், ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டு ஏறிப் போனாள். திரும்பி வந்தபோது ஆட்டோவில் மயிலாத்தாளும் இருந்தாள். அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, மேற்கு ஓரத்துக்குக் கூட்டிப்போய், அவளுடைய மூடின கடையின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, நோகிற காலை ஒரு எண்ணெய் டின்னின் மேல் தூக்கி வைத்துவிட்டு, ரோட்டைக் கடந்து தன் இடத்துக்கு வந்தாள்.

"ஏனுங்க்கா" என்று மயிலாத்தாள் அங்கிருந்து சத்தம் போட்டாள். "அடுப்பும் இல்லாம சட்டியும் இல்லாம என்னைய எதுக்குங்க இங்க கொண்டாந்து உக்கார வெச்சீங்க?"

"சும்மா உக்காரு" என்றாள் பழனாத்தாள். பெஞ்சுக்கு அடியிலிருந்து, இன்னும் கடை லேபிள் கிழிக்காத, கைப்பிடி நீளமான ஒரு ஜல்லிக்கரண்டியை எடுத்தாள். சட்டிக்கு எட்ட நின்றுகொண்டு அடுத்த ஈட்டைத் திருப்பிப் போட்டாள். இந்தத் தடவை கருகவில்லை.